நேற்றுப் போன கறை இன்று வந்தது எப்படி?

"நேத்து ராத்திரி சுத்தமா போயிடுச்சு தம்பி. காலையில எழுந்து பார்த்தா அதே இடத்துல அதே வட்டம். முன்னைவிடப் பெருசா வேற இருக்கு."

பக்கத்து வீட்டு அக்கா இதைச் சொன்னபோது எங்கள் இருவர் முன்னாலும் தே தாரிக் இருந்தது. அவர் வீட்டுக் கறையும் தே தாரிக்தான். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஏதோ ஒரு பிள்ளையின் கை தட்டி, ஒரு குவளை முழுதும் வரவேற்பறைக் கார்ப்பெட்டில் இறங்கிவிட்டது. சவுக்காரத் தூளைக் கரைத்து, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, காத்தாடியைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். ஜொகூரில் ஒரு கார்ப்பெட் கழுவும் கடைக்குக் கணக்கு எழுதப் போய், கணக்கைவிடக் கறையைப் பற்றி அதிகம் கற்றுக்கொண்டவன் நான். கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

கறை திரும்பி வரவில்லை அக்கா, அது போகவே இல்லை என்றேன்.

கார்ப்பெட்டின் மேலே தெரிவது நூல் நுனி மட்டும்தான். அந்த நூலெல்லாம் கீழே ஒரு துணியில் பின்னப்பட்டோ, பசையால் ஒட்டப்பட்டோ இருக்கும். கொட்டிய தேநீர் நுனியில் நிற்காமல் நேரே அடித்துணிக்குப் போய்த் தேங்கும். நாம் துடைப்பது மேல் கால் அங்குலத்தை. போதாததற்குத் துடைக்கிறேன் என்று இன்னும் அரைக் குவளைத் தண்ணீரை ஊற்றுகிறோம். அடியில் தேங்கியது நீர்த்துப் பரவுகிறது. பிறகு காத்தாடிக் காற்று பட்டு மேல்நுனி காய, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நூல் அடியிலுள்ள ஈரத்தை மேலே இழுக்கிறது. நுனிக்கு வந்த தண்ணீர் ஆவியாகிவிடும். அதோடு ஏறி வந்த தேயிலைச் சாயமும் சர்க்கரையும் பாலும் ஆவியாகாது, நுனியிலேயே தங்கும். காலையில் அக்கா பார்த்த வட்டம் அதுதான்.

இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் ஜொகூரில் கூடுதலாக நடக்கும். இங்கே விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மத்தியானம் வெயில் அடித்தாலும் மாலையில் இடியோடு மழை வந்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. கார்ப்பெட்டுக்குள் தண்ணீர் போக ஒரு நிமிடம், வெளியே வர ஒரு நாள். எத்தனை மணி நேரம் ஈரம் இருக்கிறதோ அத்தனை மணி நேரமும் கறை மேலே ஏறிக்கொண்டிருக்கும். நம் ஊரில் கார்ப்பெட்டைக் கெடுப்பது அழுக்கைவிட, அழுக்கை எடுக்கிறேன் என்று நாம் ஊற்றும் தண்ணீர்தான். திரும்பி வரும் கறை, முடை நாற்றம், பழுப்பு, சாயம் இறங்குவது என்று நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் போய்த்தான் முடிந்தன.

அக்காவுக்குச் சொன்ன வைத்தியம் சுலபம். பழைய வெள்ளைத் துண்டு நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். கலர் துண்டு வேண்டாம், அதன் சாயமும் சேர்ந்துவிடும். சாதாரணக் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்து, துண்டை வைத்து அழுத்தி ஒற்றுங்கள். தேய்த்தால் நூலின் முறுக்கு அவிழ்ந்து, கறை போனாலும் அந்த இடம் மட்டும் பஞ்சு பஞ்சாக நிற்கும். சுடுதண்ணீரும் கூடாது. பாலில் உள்ள புரதம் சூட்டில் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். தே தாரிக்கில் போகிற டின்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அது முழுதும் வெளியே வராவிட்டால் அந்த இடம் பிசுபிசுத்து, போகிற வருகிற காலின் தூசியையெல்லாம் வாங்கிக்கொள்ளும். துண்டில் நிறம் ஏறுவது நின்ற பிறகு, ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி வெள்ளை வினிகர் கலந்து லேசாகத் தெளித்து மறுபடி ஒற்றுங்கள். தேயிலைச் சாயம் புளிப்புக்கு இளகும், சவுக்காரக் காரத்துக்குக் கறுக்கும். கடைசியில் உலர்ந்த துண்டை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, ஐந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டுப் படுங்கள். ஏற வேண்டியது ஏறட்டும், ஆனால் நூல் நுனியில் நிற்காமல் துண்டுக்குப் போகும்.

"சவுக்காரம் போடாம எப்படித் தம்பி சுத்தமாகும்?"

நுரைதான் சுத்தம் என்று நம்மை யாரோ பழக்கிவிட்டார்கள். சட்டையைச் சவுக்காரத்தில் ஊறவைத்தால் நாலு தரம் அலசுகிறோம். கார்ப்பெட்டை யார் அலசுவது? உள்ளே தங்கிய சவுக்காரம் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பிசினாக நூலைச் சுற்றி நிற்கும். கழுவிய இரண்டு வாரத்தில் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தால் குற்றம் அழுக்கின்மேல் இல்லை. வெறும் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஒற்றினாலே அந்தக் கறுப்பில் பாதி போகும். சோடா மாவையும் வினிகரையும் ஒன்றாகப் போடச் சொல்லி வாட்சப்பில் வரும் வைத்தியத்தையும் அக்கா கேட்டார். பொங்குவது பார்க்க நன்றாயிருக்கும். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான்.

இதெல்லாம் இருக்கட்டும், அக்காவின் கார்ப்பெட் எதனால் ஆனது? கேட்டால் "துருக்கி கார்ப்பெட்" என்கிறார். நம் தாமான்களில் நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாங்கப்படும் துருக்கி கார்ப்பெட்டுகளில் பெரும்பாலானவை இயந்திரத்தில் நெய்த பாலிபுரொப்பிலீன். துருக்கியின் காசியான்டெப் நகரம்தான் உலகின் இயந்திரக் கார்ப்பெட் தொழிலுக்குத் தலைநகர் மாதிரி. நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நூலைக் கத்தரித்து, சவுக்காரத் தண்ணீரில் நனைத்துக் காற்றுக்குமிழ் போகப் பிழிந்து, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், அது தண்ணீரைவிட லேசு. நைலான், பாலியஸ்டர், கம்பளி, பருத்தி எல்லாமே மூழ்கும். மூழ்கியதைக் காயவைத்து, சமையலறைத் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் வாடை வந்து பொடியானால் கம்பளி. காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தியோ விஸ்கோஸோ. உருகிக் கெட்டி மணியாக நின்றால் நைலானோ பாலியஸ்டரோ.

வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "மூங்கில் பட்டு", "ஆர்ட் சில்க்" என்று மினுமினுப்பாக விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். நனைந்தால் அதன் நூலுக்கு வலு பாதியாகும், காய்ந்தால் மொடமொடத்து மஞ்சளடிக்கும். வெறும் தண்ணீர் சிந்தினாலே வட்டம் விழும். ஜொகூர் வீட்டுக்கு இதை விற்பதே எனக்குப் பாவமாகப் படுகிறது.

கம்பளியும் தனிப் பிறவிதான். அது நம் தலைமுடியைப் போன்ற புரதம். சவுக்காரத் தூள், சோடா, குளோராக்ஸ் எதையும் தாங்காது. குளோராக்ஸில் ஊறவைத்தால் நூல் கரைந்தே போகும். பாலிபுரொப்பிலீனில் நூலாக இழுக்கும் முன்பே உருக்கிய குழம்பில் நிறம் கலந்துவிடுவதால் சாயம் எளிதில் போகாது. ஆனால் அதற்கு எண்ணெய் என்றால் உயிர். கறிக்குழம்பு கொட்டினால் விடாது.

கறிக்குழம்பு என்றதும் அக்கா இன்னொன்றைச் சொன்னார். சாம்பார் பட்ட இடத்தில் சவுக்காரம் போட்டாராம், மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறிவிட்டதாம். "என்னமோ ஆயிடுச்சுன்னு கை நடுங்கிப் போச்சு தம்பி."

ஆரத்தி கரைத்ததில்லையா அக்கா? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே கதைதான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும், புளிப்பைக் கண்டால் மஞ்சளுக்குத் திரும்பும். வினிகர் தண்ணீரைத் தெளித்தால் அந்தச் சிவப்பு நம் கண்ணெதிரே வடிந்துவிடும். மஞ்சள் போகாது, ஆனால் பழைய நிலைக்கு வந்தாயிற்று. குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் ஆல்கஹாலிலும்தான் கரையும். ஆகவே முதலில் குழம்பின் எண்ணெயை எடுக்க வேண்டும். கரண்டி முதுகால் வழித்து எடுத்துவிட்டு, அரிசி மாவையோ சோள மாவையோ தூவி அரை மணி நேரம் விட்டு வேக்குவத்தால் இழுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, ஒரு கோப்பைத் தண்ணீர். ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றுங்கள். பிறகு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றினால் மஞ்சள் துணிக்கு இறங்கும்.

மிச்சத்துக்கு வெயிலைவிட நல்ல மருந்து கிடையாது. குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். காலை ஒன்பதுக்கும் மழை மேகம் கூடுவதற்கும் இடையே கறை உள்ள பக்கத்தை வெயிலுக்குக் காட்டுங்கள். கையால் நெய்த கம்பளியானால் மற்ற இடத்தைத் துணியால் மூடிவிடுங்கள், இல்லையேல் அதன் சாயமும் வெளுக்கும். வெயில் கிடைக்காத மாதத்தில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். அதையும், ஆல்கஹாலையும், சொல்லப்போனால் எதையுமே முதலில் சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையில் சோதித்த பிறகுதான்.

பூசை அறைச் சாமான்களில் திருநீறும் குங்குமமும் கொட்டினால் ஈரத் துணி கொண்டு ஓடாதீர்கள். இரண்டும் உலர்ந்த தூளாக இருக்கும்வரை வேக்குவத்தின் குழாய் முனையே போதும், பிரஷ் முனையை மாட்டவும் வேண்டாம். நனைத்தால் திருநீறு சேறாகி நூலடியில் உட்காரும். கடைக் குங்குமம் பலவற்றில் இப்போது செயற்கைச் சாயம்தான், அது ஒரு சொட்டு ஈரம் பட்டாலே கரைந்து ஓடும். மெழுகு சொட்டினால் பையில் கட்டிய ஐஸ் வைத்து இறுகவிட்டு உடைத்தெடுங்கள். பழுப்புத் தாளை வைத்து இஸ்திரி போடும் வைத்தியம் கம்பளிக்குச் சரி. பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி சொச்சத்திலேயே உருகும், அதற்கு முன்பே படிந்து பளபளக்கும். இஸ்திரிப் பெட்டியின் வடிவம் அச்சாக விழுந்த கார்ப்பெட்டுகளைக் கடையில் பார்த்திருக்கிறேன். அதற்கு வைத்தியம் இல்லை, மேலே ஒரு முக்காலியைப் போட வேண்டியதுதான்.

நாற்றத்துக்கு வருவோம். இது கறையைவிடப் பெரிய தலைவலி. நனைந்த கார்ப்பெட் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வாசனைத் தூள் தூவுவது நாற்றத்தின்மேல் இன்னொரு நாற்றத்தைப் போடுவது, அவ்வளவே. பூனையோ குழந்தையோ சிறுநீர் கழித்த இடம் வெயில் காலத்தில் சும்மா இருந்துவிட்டு, மழை நாளில் மட்டும் நாறுவதைக் கவனித்திருப்பீர்கள். சிறுநீரின் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி நனைகிறது. அதற்கு என்சைம் உள்ள திரவம்தான் சரி, சிறுநீர் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் அதுவும் போக வேண்டும். சிறுநீர் இடத்தில் குளோராக்ஸ் ஊற்றாதீர்கள். வினிகர் தெளித்த இடத்திலும் ஊற்றாதீர்கள். இரண்டிலும் கிளம்புவது நச்சுப் புகை. ஏர்கோன் போட்டு மூடிய அறையில் அது விளையாட்டில்லை.

தூசிப் பூச்சியும் ஈரத்தின் பிள்ளைதான். காற்றிலுள்ள ஈரத்தையே உடம்பால் உறிஞ்சி வாழும் கண்ணுக்குத் தெரியாத பிறவி அது. நம் வட்டாரத்தில் புளோமியா டிராப்பிகாலிஸ் என்ற வகை ஏராளம். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வற்றிச் செத்துவிடும், ஆனால் ஜன்னல் திறந்த ஜொகூர் வீட்டில் அந்தச் சதவீதத்தை எங்கே பார்ப்பது? வீட்டில் ஆஸ்துமாப் பிள்ளை இருந்தால் படுக்கையறையில் கார்ப்பெட் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. டைல்ஸ் தரையைத் துடைத்துவிட்டுப் போகலாம்.

வீட்டிலேயே காயவைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையில் கிடத்திக் காத்தாடி போட்டால் மேல்பக்கம் மட்டும் காயும், டைல்ஸில் ஒட்டிய அடிப்பக்கம் மறுநாளும் சில்லென்றிருக்கும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் தூக்கிப் போட்டு, அடியில் காற்று போகும்படி காத்தாடியைத் தரையில் வையுங்கள். மழை நாளானால் அறையைச் சாத்திவிட்டு ஏர்கோனை நீர்த்துளி படம் போட்ட 'டிரை' பொத்தானில் வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை அது வெளியே கொண்டுபோய்ச் சொட்டும். கார் போர்ச்சில் இரும்புக் கேட்டின்மேல் மட்டும் போடாதீர்கள். பெயிண்ட் உரிந்த ஒவ்வொரு கம்பியும் ஒரு துருக்கோடு போடும். துருவுக்கு எலுமிச்சம்பழச் சாறு கொஞ்சம் கேட்கும், சவுக்காரம் கேட்கவே கேட்காது.

சிலசமயம் கறையே இல்லாத வெளிர் கார்ப்பெட் கழுவிய பிறகு முழுதும் பழுப்பாகக் காயும். அடியில் சணலோ பருத்தியோ இருந்து, அதிகம் நனைந்து, மெல்லக் காய்ந்திருக்கிறது என்று பொருள். சணலின் பழுப்புச் சாறு மேலே ஏறிவிட்டது. இதற்கும் மெல்லிய வினிகர் தண்ணீர்தான், கூடவே வேகமான காற்று. பழைய கார்ப்பெட்டைத் தூக்கினால் தரையில் வெளுத்த பொடி கிடக்கிறதா? பின்புறப் பசை நம் சூட்டிலும் ஈரத்திலும் நைந்து உதிர்கிறது. எந்தக் கழுவலும் அதைத் திருப்பாது, கடைக்குக் கொண்டுபோய்க் காசைத் தொலைக்க வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளம் பல வீட்டில் இன்னும் இருக்கிறது. காவிரியும் பவானியும் கூடும் ஊரில் கைத்தறியில் நெய்வது, தடித்த பருத்தி நூல், அகலக் கலர்ப் பட்டைகள். புவிசார் குறியீடு பெற்றது. நனைக்கும் முன் ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு பட்டையிலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சிவப்பு வந்தால் ஊறவைக்கவே கூடாது. குளிர்ந்த தண்ணீரில் விறுவிறுவென்று அலசி, மடிக்காமல் உடனே விரித்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால்தான் சிவப்பு பக்கத்து வெள்ளையில் படியும். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி நான் ஜமக்காளத்தைப் பணயம் வைக்கமாட்டேன்.

வெள்ளத்தில் நனைந்த கார்ப்பெட் வேறு கதை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட்டும் பத்து பஹாட்டும் மூழ்கி, மாநிலத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். வெள்ளத் தண்ணீரில் கழிவு நீரும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வருவது அப்படித்தான். பசை ஒட்டிய தடித்த கார்ப்பெட்டானால் வெட்டிச் சுருட்டி வெளியே போட்டுவிடுங்கள், கையுறையும் பூட்சும் போட்டுக்கொண்டு. மெல்லிய நெய்த பாலிபுரொப்பிலீன் விரிப்பை மட்டும் கழுவிக் கிருமிநாசினி போட்டு, நல்ல வெயிலில் காயவைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம்.

மற்றதற்குக் கடை இருக்கிறது. ஜொகூர் பாரு பழைய நகரத்தில் ஜாலான் டோபி என்று ஒரு தெரு, நம்மவர்கள் சலவைக் கடை வைத்திருந்த தெரு. இன்று கார்ப்பெட்டை வேனில் வந்து எடுத்துப்போய், சதுர அடிக் கணக்கில் காசு வாங்குகிறார்கள். விலை கேட்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். தண்ணீர் படும் முன் தூசியை அடித்து எடுக்கிறார்களா? கார்ப்பெட்டில் கிடக்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மணல்தான், அதை எடுக்காமல் நனைத்தால் சேறு. வீட்டிலும் கார்ப்பெட்டைக் கவிழ்த்துப் போட்டு முதுகுப்பக்கம் வேக்குவம் ஓட்டிப் பாருங்கள், தூக்கும்போது டைல்ஸில் கிடக்கும் மணல் உங்களுக்கே தெரியும். இரண்டாவது, சுழற்றிப் பிழியும் இயந்திரம் இருக்கிறதா? உருளையில் சுருட்டிப் போட்டு வேகமாகச் சுழற்றினால் தண்ணீரில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மூன்றாவது, மழை நாளில் எங்கே காயவைப்பார்கள்? "வெயில் வந்ததும்" என்று பதில் வந்தால் வேறு கடையைப் பாருங்கள்.

திரும்பக் கொண்டுவரும்போது வாசலிலேயே பிரித்துப் பாருங்கள். நடுவில் தொட்டால் தெரியாது. குஞ்சம் கட்டிய ஓரத்திலும், தைத்த விளிம்பிலும் புறங்கையை வையுங்கள், ஈரம் கடைசியாகப் போவது அங்கிருந்துதான். சில்லென்று இருந்தால் காசு கொடுக்காமல், இன்னொரு நாள் அவர்களிடமே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்புங்கள்.